மூன்றாவது போத்தல்

தஞ்சோங் மாலிம்,
9 பிப்ரவரி 1987

அன்புள்ள நவமணி அக்காவுக்கு,

கஸ்பார் எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன் பாதியாவது படித்துவிடுங்கள். இங்கே மாற்றலாகி வந்த பிறகு இரண்டு தடவை லகாட்டுக்கு வந்தேன். இரண்டு தடவையும் உடையப்பன் அண்ணன்தான் வாசலுக்கு வந்து, "அக்கா தூங்குது தம்பி" என்றார். உள்ளே நீங்கள் முறுக்குக் குழலை ஓங்கி வைத்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் அலுவலக விஷயம். புதிய உணவுச் சட்டம் அமலுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அது நினைத்தபடி வேலை செய்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். யாரிடமெல்லாம் உணவு மாதிரி எடுத்தோமோ அவர்களையெல்லாம் பேராக் முழுக்கத் தேடிப்போய்ப் பேச வேண்டும். உத்தரவு வந்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை அக்கா. சட்டத்தையே கேள்வி கேட்கச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிறார்கள்! இப்படி ஒரு வேலை எந்த ஹெல்த் இன்ஸ்பெக்டருக்குக் கிடைக்கும்?

உங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு முன் ஈப்போ பஸ் நிலையத்தில் உங்கள் கடை ஓமப்பொடியை எடுத்தது நான்தான். அதை மூன்று கண்ணாடிப் போத்தலில் போட்டு, நூல் கட்டி, சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்தினேன். ஒன்று ஆய்வுக்கூடத்துக்குப் போனது. ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. மூன்றாவதை உங்கள் கையில் கொடுத்தேன்.

அந்த மூன்றாவது போத்தல் என்ன ஆயிற்று?

அன்புத் தம்பி,
கஸ்பார்


லகாட்,
14 பிப்ரவரி 1987

கஸ்பாருக்கு,

நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நான் நலமில்லை, அதையும் நீ கேட்க வேண்டாம்.

பத்தாங்கட்டைத் தோட்டத்து லயத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். உன் அம்மா அகதா கண்ணை மூடிய பிறகு நீ எந்த வீட்டில் சாப்பிட்டாய், எந்த வீட்டில் படுத்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கிடைத்ததும் முதல் சம்பளத்தில் எனக்குச் சேலை எடுத்து வந்தவன் நீ. அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு என் கடை முன்னால் வந்து நின்று என்னிடம் மலாயில் பேசினாய்! "சாயா மிந்தா சாம்பெல்" என்று மாதிரி கேட்டாய்! பக்கத்துக் கடைக்காரன் என் மூஞ்சியைப் பார்க்கிறான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் உத்தியோகம் போயிருக்குமா?

இப்போது சம்மன் வந்திருக்கிறது. ஏப்ரல் மாதம் கோர்ட்டு. ஓமப்பொடியில் உணவில் போடக்கூடாத மஞ்சள் சாயமாம். மாதா கோயிலில் வந்து உன் சாமி மேல் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன், மஞ்சள் தூளைத் தவிர நான் எதையும் போட்டவளில்லை! குற்றம் என்று தீர்ப்பானால் நகராண்மைக் கழகம் கடை லைசென்ஸைப் பிடுங்கிவிடும். மே மாதம் பாப்பாவுக்குக் கல்யாணம். "சாயம் போட்டு வித்தவ மகள்" என்று பந்தலில் நாலு பேர் பேசுவதை நான் கேட்க வேண்டுமா?

இந்த அழகில் உனக்குப் போத்தல் கேட்கிறதா? போத்தல் நல்ல இடத்தில் பத்திரமாக இருக்கிறது. உனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டதல்லவா? இனி என் வாசப்படியை மிதிக்காதே.

நவமணி


தஞ்சோங் மாலிம்,
18 பிப்ரவரி 1987

அக்கா!

இருக்கிறதா? இன்னும் இருக்கிறதா? அரக்கு உடையாமலா?

நீங்கள் திட்டியதற்கெல்லாம் பிறகு பதில் சொல்கிறேன். திட்டுவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. முதலில் இதைக் கேளுங்கள். அந்தப் போத்தல் சும்மா கொடுத்த சாமான் இல்லை. ஆய்வுக்கூடம் சொன்னது தப்பு என்று வியாபாரி நினைத்தால், அரக்கு உடையாத தன் போத்தலைக் கோர்ட்டில் காட்டி, "இதை மறுபடியும் சோதிக்கச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அதற்காகத்தான் சட்டம் மூன்று பங்கு போடச் சொல்கிறது. ஏழைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் ஒரே கேடயம் அதுதான். இதை உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த அறிக்கைக்காகப் பார்க்கும் எல்லோருக்கும் இதையேதான் சொல்லி வருகிறேன்.

நீங்கள் சாயம் போடவில்லை என்றால் அந்தப் போத்தல் உங்கள் கடையைக் காப்பாற்றும்! எங்கே வைத்திருக்கிறீர்கள்? யாரையும் தொடவிடாதீர்கள். பாப்பாவிடம் சொல்லி ஒரு துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். உடனே பதில் போடுங்கள்.

கஸ்பார்


லகாட்,
23 பிப்ரவரி 1987

கஸ்பாரு,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம், அதான் உன் அண்ணனிடம், கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்தான், காப்பி ஆறியும் எழுந்திருக்கவில்லை.

போத்தல் எங்கள் வீட்டில் இல்லை. பாகான் டத்தோவில், சம்பந்தியம்மா கருப்பம்மாள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

சிரிக்காதே. நடந்ததைக் கேள். நவம்பரில் பாப்பாவுக்கும் ஜெயபாலனுக்கும் பரிசம் போட்டு, நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொண்டு போனோம். நீயும் வந்திருக்க வேண்டியவன், நான்தான் சொல்லி அனுப்பவில்லை. கிளம்பும் நேரத்தில் சீர்த்தட்டை எண்ணினால் பத்து! ஒற்றைப்படையில் அல்லவா போக வேண்டும்? வேன் வாசலில் நிற்கிறது, நேரம் தப்பப் பார்க்கிறது, கடையெல்லாம் இன்னும் திறக்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். சாமி மேடையில் உன் போத்தல் இருந்தது. வழவழவென்று கண்ணாடி, கழுத்தில் நூல், மூடி மேல் சிவப்பு அரக்கு, அதில் கவர்மெண்டு முத்திரை! நீ எடுத்துப் போய் ஒரு மாதமாகியும் ஒரு சத்தமும் இல்லை. சோதித்துப் பார்த்து நல்ல சரக்கு என்று சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். வேறு எப்படி நினைப்பேன்? நீதான் மலாயில் என்னவோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாயே! பதினோராவது தட்டில் வெற்றிலை பரப்பி அதை நடுவில் நிறுத்தினேன். அத்தனை தட்டிலும் அதுதான் எடுப்பாக இருந்தது.

சம்பந்தியம்மா அதைத் திறக்கவே இல்லை. போன மாதம் ஜெயபாலன் வந்தபோது சொன்னார்: "அத்தை, ஓமப்பொடிய அம்மா யாரையும் தொட விடல. வரவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுறாங்க. எங்க சம்பந்தி பலகாரத்துக்குக் கவர்மெண்டே சீல் வெச்சிருக்குன்னு ஒரே பெருமை."

இப்போது சொல். கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்ட பெண்வீட்டுக்காரி எந்த ஊரிலாவது உண்டா? அதுவும் எதற்கு? "அது கோர்ட்டுச் சாமான், தெரியாமல் உங்கள் சீர்த்தட்டில் வைத்துவிட்டேன்" என்றா? பரிசம் முறிந்து போகும். கடை போனால் போகட்டும். நான் கேட்க மாட்டேன்.

நவமணி


தஞ்சோங் மாலிம்,
27 பிப்ரவரி 1987

அக்கா,

சிரிக்காதே என்றீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் வைத்துப் படித்தேன், குமாஸ்தாப் பெண் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள்.

ஆனால் அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இந்தச் சில வாரங்களில் சித்தியவானிலிருந்து தைப்பிங் வரை அலைந்துவிட்டேன். எல்லோரிடமும் அதே கேள்வி. ஒரு சீனக் கிழவர், "தின்னுட்டேன், காசு கொடுத்தா வாங்கினேன், என் சரக்குதானே?" என்றார். குவே பலகாரம் விற்கும் மலாய்க்கார மக்சிக் அம்மா அதைப் பூனைக்கு வைத்துவிட்டார். சுங்கை சிப்புட்டில் பலகாரக் கடை ராமையா இருக்கிறாரே, அவர் இதையெல்லாம் மிஞ்சிவிட்டார். சீலை உடைத்துப் பலகாரத்தைத் தட்டில் கொட்டி மறுபடியும் விற்றுவிட்டு, போத்தலில் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார். எனக்கும் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்!

ஒருவரும் கோர்ட்டுக்குக் கொண்டு போகவில்லை அக்கா. அந்தப் போத்தல் எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே உட்கார்ந்திருப்பவர்கள், "யாரும் மறுசோதனை கேட்பதில்லை, அதனால் எல்லோரும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள், சட்டம் அருமையாக வேலை செய்கிறது" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! நானும் மூன்றாவது போத்தலை ஊர் ஊராகக் கொடுத்துவிட்டு வந்தவன்தானே.

நான் தேடியதில் சீல் உடையாமல் மிச்சமிருக்கும் ஒரே போத்தல் கருப்பம்மாள் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. உங்களால் கேட்க முடியாது என்றால் நானே போய் அவர்கள் காலில் விழுந்து கேட்கிறேன். கடை போனால் போகட்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். விறகடுப்பில் கை சுட்டுச் சுட்டு நீங்கள் பிடித்த கடை அது.

கஸ்பார்


லகாட்,
9 மார்ச் 1987

கஸ்பாரு,

நீ போய்க் காலில் விழுந்தால் இருக்கிற மானமும் போய்விடும் என்று நானே பாகான் டத்தோவுக்குப் போய் வந்துவிட்டேன். என்ன நடந்தது என்று உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஈப்போவில் ஏறி தெலுக் இந்தானில் மாறி, தென்னந்தோப்பு வழியாகப் போய் இறங்கினேன். கூடையில் வாழைப்பழம், பூ, மைசூர்பாகு. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. அலமாரி ஜன்னலுக்கு நேராக இருக்கிறது. காலை வெயில் முழுக்க அதில்தான் விழுகிறது. நடுத்தட்டில் போத்தல். பக்கத்தில் பரிசப் பத்திரிகை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி நான் கொடுத்ததுதான்.

சம்பந்தியம்மா காப்பி கொண்டு வந்தார்கள். "என்னா சம்பந்தி, அதையே பாக்கறீங்க? நேத்துகூட கோயில் தலைவரு வந்து பாத்துட்டுப் போனாருலா" என்றார்கள்.

நான் காப்பியைத் தொடவில்லை. எழுந்து அலமாரிக்குப் பக்கத்தில் போனேன். பத்திரிகை மூலையில் நான் தடவிய மஞ்சள் வெளுத்துக் காகிதத்தோடு காகிதமாகப் போயிருந்தது. வெயில் பட்டால் மஞ்சள் நிற்காது, கல்யாணமான எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் போத்தலுக்குள் இருந்த ஓமப்பொடி நான் பிழிந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே பளபளவென்று இருந்தது! மூன்று மாத வெயில்! ஒரு இழை மங்கவில்லை!

சாயம்தான் கஸ்பாரு. உன் ஆய்வுக்கூடம் சொன்னது நிஜம். என் சரக்கில் சாயம் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எப்போதும் நான் கடலைப் பருப்பை மில்லில் கொடுத்து என் கண் முன்னால்தான் அரைப்பேன். தீபாவளி நெருக்கடியில் மில்லில் வரிசை வாசல் தாண்டி நின்றது. அந்த ஒரு தடவை சன்னாசி முதலாளி கடையில் அரைத்த மாவு மூட்டை எடுத்தேன். "பாருங்கம்மா, எப்படித் தங்கமாட்டம் இருக்கு" என்றார். தங்கமாட்டமா? பட்டாணி மாவையோ எந்தக் குப்பையையோ கலந்து, அது தெரியாமல் இருக்கச் சாயம் ஏற்றியிருக்கிறான் பாவி! அதைப் பஸ் ஏறிய பிள்ளைகள் எல்லாம் வாங்கித் தின்றன. பாப்பா தின்றாள். நான் கையால் அள்ளிக் கொடுத்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துவிட்டது. சம்பந்தி வீடு என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சம்மன், சாயம், பத்துத் தட்டு, பதினோராவது தட்டு, எல்லாம்.

கருப்பம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. "கோர்ட்டு சாமானையா என் வீட்டுக்கு சீரா கொண்டாந்தீங்க?" என்றார்கள். "ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல? எழுந்து உள்ளே போய்விட்டார்கள். பரிசம் முறிந்தது என்று முடிவு பண்ணிச் சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

திரும்பி வந்தவர்கள் கையில் தாம்பாளம். அலமாரியைத் திறந்து போத்தலை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தார்கள். "குடுத்த சீர நீங்க கேட்டு நான் திருப்பிக் குடுத்தா உறவு அந்துபோவும். நீங்க கேக்கவே இல்ல, சரியா? இது நான் குடுக்கற மறுசீரு" என்றார்கள். பிறகு தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "ஒத்த சாமான் நல்லாருக்காது" என்று இரண்டு தேங்காய் வைத்து, "இப்ப ஒத்தப்படை, எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பஸ்ஸுக்கு நடக்கும்போது என் காதோடு, "அந்த மாவுக்காரன விட்றாதீங்க சம்பந்தி" என்றார்கள்.

போத்தல் இப்போது என் மடியில் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் சன்னாசி கடைக்குப் போய், ஊரே கூடும்படி கேட்கப் போகிறேன்.

நவமணி


தஞ்சோங் மாலிம்,
11 மார்ச் 1987

அக்கா,

இதைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், தபால் தாமதமாகும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், சன்னாசி முதலாளி கடைக்குப் போகாதீர்கள்! போயிருந்தால் வாயைத் திறந்திருக்காதீர்கள்! நீங்கள் ஒரு சத்தம் போட்டால் அன்றைக்கே அத்தனை மூட்டையும் மாறிவிடும். உங்களிடம் மிச்சமிருக்கும் மாவு எனக்கு உதவாது. அது பிரித்த மூட்டை. அவர் கடையில், அவர் கண் முன்னால் எடுத்தால்தான் சட்டத்தில் நிற்கும். ஈப்போவில் இன்ஸ்பெக்டராக இருக்கும் என் நண்பரிடம் பேசிவிட்டேன். மலாய்க்காரர், கறார் ஆள். அவர் போவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மாவு யாருடையது என்று சட்டம் பார்க்காது. விற்றவர் நீங்கள், அதனால் வழக்கு உங்கள் மேல்தான். மாவு நல்லது என்று முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் தப்பலாம். அவரிடம் யார் சீட்டுக் கேட்டார்கள்? கேட்டால், "என்னை நம்பலியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நம் ஆட்கள் அதற்குப் பயந்தே கேட்பதில்லை.

போத்தலைக் கோர்ட்டில் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அது இப்போது உங்களுக்கு எதிராகத்தான் பேசும். ஒளித்து வைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். யோசித்து முடிவு பண்ணுங்கள்.

கஸ்பார்


லகாட்,
26 மார்ச் 1987

கஸ்பாரு,

வாயைத் திறக்காதே என்றாய். பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் இப்படி ஒரு தண்டனை கொடுத்ததில்லை. உன் கடிதம் வந்து சேரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கழற்றி வைத்தேன். பத்து நாளுக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். "வீடு இவ்ளோ அமைதியா இருந்து நான் பாத்ததில்ல" என்று உன் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

நேற்று உன் நண்பர் சன்னாசி கடைக்கு வந்தார். வருவார் என்று நீ சொன்ன நாளிலிருந்தே நான் எதிர்க்கடையில் வெங்காயம் பொறுக்குவதுபோல் தினமும் நின்றேன். எத்தனை வெங்காயம்தான் பொறுக்குவது? அவர் உள்ளே போனதும் நானும் கூடையோடு பின்னால் போனேன். முதலாளி முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிரிக்காத மூட்டையைப் பிரித்தார்கள், மாவைக் கலந்தார்கள், மூன்று போத்தல், நூல், அரக்கு. அந்த அரக்கு வாசனை பட்டதும் எனக்கு அன்றைக்கு நடந்தது அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது.

உன் நண்பர் மூன்றாவது போத்தலை முதலாளி கையில் கொடுத்து, "இனி பஹாகியான் துவான்", அதாவது இது உங்கள் பங்கு, என்றார். அவ்வளவுதான், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்! நீ செய்த அதே வேலை! என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "எஞ்சிக், நந்தி டுலு!" என்று அவரை நிற்கச் சொல்லி வாசலை மறித்து நின்றேன். மனுஷன் திகைத்துவிட்டார். முதலாளி போத்தலை ஊறுகாய்ச் சாடிக்குப் பக்கத்தில் வைக்கப் போனார். நான் அதைப் பிடுங்கி அவர் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தேன்.

"மொதலாளி, நல்லா கேட்டுக்குங்க. இதத் தின்னாதீங்க. பூனைக்கு வெக்காதீங்க. சாமிக்குப் படைக்காதீங்க. யாரு வீட்டுக்கும் சீரு குடுக்காதீங்க. இது ஒங்க பங்கு. கவர்மெண்டு சொல்றது பொய்யின்னு நெனச்சா இந்த அரக்க ஒடைக்காம கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போயி மறுபடியும் சோதிக்கச் சொல்லுங்க. அது ஒங்க உரிமை!"

என்ன பேசினேன் என்று உன் நண்பர் கேட்டார், கடைப்பையன் மலாயில் சொன்னான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். முதலாளிதான், "நவமணி, இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னா?" என்றார்.

"என் தம்பி சொன்னான்" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்ததை நான் திருப்பி எடுக்கவில்லை.

சன்னாசிக்கு எதிராகக் கத்த வேண்டும் என்று பத்து நாளாகக் காத்திருந்தவள், கடைசியில் அவனுக்கு உரிமை சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நினைத்து எனக்கே சிரிப்பு. ஆனால் எனக்குச் சொல்லாததை அவனுக்கும் சொல்லாமல் விட்டால் நான் எந்த மூஞ்சியோடு அவனைக் கேட்பேன்?

போத்தலை நான் ஒளிக்கப் போவதில்லை. ஏப்ரலில் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன்.

நவமணி அக்கா


தஞ்சோங் மாலிம்,
29 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசியில் 'அக்கா' என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்களே, அந்தக் காகிதத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கோர்ட்டு நாளன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. நண்பர் போன் பண்ணிச் சொன்னார். நீங்கள் போத்தலை மேஜையில் வைத்து, "இதுல சாயம் இருக்கு ஐயா, என் கண்ணாலயே பாத்தேன். நான் போடல, ஆனா நான்தான் வித்தேன்" என்றீர்களாமே! மொழிபெயர்ப்பாளர் இரண்டு தடவை, "நிச்சயமா இப்படித்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாராமே! மேஜிஸ்திரேட் சிறிய அபராதம் போட்டு, லைசென்ஸில் கைவைக்க வேண்டாம் என்று நகராண்மைக் கழகத்துக்கு எழுதச் சொன்னார் என்றதும் அலுவலகத்திலேயே மேஜையைத் தட்டிக் கத்திவிட்டேன் அக்கா!

இன்றைக்கு மாவுச் சோதனை முடிவும் வந்தது. அதே சாயம். சன்னாசி முதலாளிக்குச் சம்மன் போகிறது. ஆட்கள் போய் மூட்டைகளைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். அவர் தன் மூன்றாவது போத்தலைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம். மறுசோதனை கேட்கப் போகிறாராம். கேட்கட்டும். பேராக்கில் நான் அறிந்து அப்படிக் கேட்கும் முதல் ஆள் அவர்தான். அதற்கும் நீங்கள்தான் காரணம்!

அறிக்கையை முடித்துவிட்டேன். சட்டம் நினைத்தபடி வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு இப்படி எழுதினேன்: சாயத்தைப் பிடிக்கிறது, ஆனால் சாயம் போட்டவனைப் பிடிப்பதற்குள் பொரித்தவளைப் பிடித்துவிடுகிறது. உரிமையைக் கொடுக்கிறது, ஆனால் கொடுத்ததைச் சொல்வதில்லை. இனி மூன்றாவது போத்தலோடு நான்கு மொழியில் ஒரு சீட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டும், அதிகாரி அதை வியாபாரியின் மொழியில் வாய்விட்டும் சொல்ல வேண்டும் என்று சிபாரிசு செய்தேன். ஈப்போவில் சோதனையாக ஆரம்பிக்க ஒப்புக்கொண்டார்கள்.

தமிழ்ச் சீட்டில் இருப்பது நீங்கள் சன்னாசி கடையில் பேசியதுதான். எங்கள் அலுவலகப் பெரியவர் அதைப் படித்துக் காட்டச் சொன்னார். "சீர் கொடுக்காதீர்கள்" என்ற இடத்தில் நிறுத்தி, "இதை யாராவது செய்வார்களா?" என்று கேட்டார். "ஒருவர் செய்தார் ஐயா" என்றேன். "அப்படியானால் இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு நான் தமிழில் பேசியிருக்க வேண்டும் அக்கா.

உங்கள் தம்பி,
கஸ்பார்


லகாட்,
4 மே 1987

அன்புள்ள தம்பி கஸ்பாருக்கு,

அபராதம் கட்டியதில் வயிறு எரிந்ததுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கடையைத் திறந்துவிட்டேன். மாவு இப்போது எவ்வளவு வரிசை நின்றாலும் என் கண் முன்னால் அரைபடுகிறது. ஓமப்பொடி தீபாவளிச் சரக்கு மாதிரி பளபளப்பாக இல்லை. கொஞ்சம் மங்கல்தான். "என்ன நிறம் கம்மியா இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் முழுக் கதையும் சொல்கிறேன். பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்கிறார்கள்.

இதோடு கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கிறேன். மூலையில் தடவியிருப்பது நல்ல மஞ்சள், வேண்டுமானால் வெயிலில் வைத்துப் பார்.

இரண்டு விஷயம். கருப்பம்மாள் சம்பந்தி ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள், அலமாரியில் அந்த இடம் காலியாக இருக்கிறதாம், வருகிறவர்களெல்லாம் எங்கே என்று கேட்கிறார்களாம். புதிதாக ஒரு போத்தல் போட்டு வைத்திருக்கிறேன். உன் கவர்மெண்டு முத்திரை வேண்டாம், நீ வேறு வம்பில் மாட்டிக்கொள்ளாதே. சிவப்பு அரக்கு மட்டும் ஒரு கட்டை வாங்கி வா. மேலே குத்த உன் அண்ணன் மோதிரம் போதும்.

அடுத்தது. பாப்பாவுக்குக் கூடப்பிறந்த மாமன் கிடையாது, உனக்கே தெரியும். மணையில் உட்காரும்போது மாமன் சீர் யார் செய்வது என்று பெரியவர்கள் கேட்டார்கள். "தஞ்சோங் மாலிம்ல எந் தம்பி இருக்கான்" என்றேன். "அவங்க வேதக்காரங்க ஆச்சே" என்று ஒருவர் இழுத்தார். அவரை நான் ஒரு பார்வை பார்த்தேன், அதற்கு மேல் அவர் பேசவில்லை. உன் ஃபாதரிடம் கேட்க வேண்டுமென்றால் கேட்டுக்கொள், ஆனால் பதில் சரி என்றுதான் வர வேண்டும்.

பிப்ரவரியில் என் வாசப்படியை மிதிக்காதே என்று எழுதினேன். நேற்று அதைத் தேய்த்துக் கழுவினேன். மாமன் மிதிக்காத வாசப்படியைத் தாண்டி என் பெண் எப்படியடா புருஷன் வீட்டுக்குப் போவாள்? முதல் நாளே வந்துவிடு. வந்து நின்று, வாசலிலேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் அக்கா என்று கூப்பிடு.

உன் அக்கா,
நவமணி